ஆர்32 ஜிடி-ஆர்: பேசும்போதும் வாங்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிஸ்ஸான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் என்று பேச்செடுத்தாலே, "நல்ல ரோட்டு கார் ஒன்றை எடுத்து, டர்போவை ஏற்றி ரேஸுக்கு அனுப்பினார்கள்" என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். உண்மையில் நடந்தது தலைகீழ். ஷோரூமில் விற்கும் கார்களை மாற்றியமைத்து ஓட்டும் குரூப் ஏ பந்தயத்தில் ஜெயிக்க என்ன வேண்டும் என்று விதிகளை வைத்துக் கணக்குப் போட்டு, அதற்கேற்ற காரை 1989-ல் ஷோரூமுக்குக் கொண்டுவந்தார்கள். இது பிடிபடாவிட்டால் மற்ற எல்லாமே குழப்பமாகத்தான் தெரியும்.

இன்ஜினையே பாருங்கள். 2.6 லிட்டர் என்பது வழக்கத்தில் இல்லாத அளவு. குரூப் ஏ-யில் டர்போ இன்ஜினின் கொள்ளளவை 1.7-ஆல் பெருக்குவார்கள். 2,568 சி.சி.யைப் பெருக்கினால் சுமார் 4,366 வரும், 4,500 சி.சி. வகுப்புக்குள் கச்சிதமாக அடங்கிவிடும். அந்த வகுப்பில் கார் கனமாக இருக்க வேண்டும், ஆனால் அகலமான டயர் போடலாம். நான்கு சக்கரத்துக்கும் விசை போகும் கார் எப்படியும் கனம்தான் என்பதால் இது லாபமான கணக்கு.

சரி, நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் சமமாக விசை போகிறதா? இல்லை. சாதாரணமாக இது பின்சக்கரத்தில் ஓடும் கார். பின்சக்கரம் வழுக்கும்போது, முன்சக்கரங்களுக்கு விசையை அனுப்பும் கிளட்ச் இறுகி, அதிகபட்சம் பாதி விசை முன்னால் போகும். முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டமுள்ள டயர் போட்டால் சக்கர வேகங்கள் பொருந்தாமல் இந்த அமைப்பு குழம்பிவிடும். பழைய ஜிடி-ஆர் வாங்குபவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு, கம்பெனி டர்போவை அப்படியே வைத்துக்கொண்டு பூஸ்ட்டை, அதாவது இன்ஜினுக்குள் டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றுவது. உள்ளே சுழலும் டர்பைன் சக்கரம் செராமிக். லேசானது, சட்டென்று சுழலும். ஆனால் அழுத்தமும் வெப்பமும் எல்லை மீறினால் உடைந்து சிதறும். 1990-ல் பந்தய அனுமதிக்காக விற்ற நிஸ்மோ (நிஸ்ஸானின் பந்தயப் பிரிவு) பதிப்பில் நிஸ்ஸானே செராமிக்கைக் கைவிட்டு உலோக டர்பைன் சக்கரம் போட்டது. ஆகவே அந்தப் பதிப்பை வெறும் அலங்கார மாடல் என்று ஒதுக்குவதும் தப்பு.

ரோட்டு காரின் 280 குதிரைத்திறனை அப்படியே நம்ப வேண்டாம். ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்ட உச்சவரம்பு அது. ரேஸ் காரில் அதே இன்ஜின் 500-ஐத் தாண்டியது. அப்புறம், ஜப்பானிய ஜிடி பந்தயத்தின் ஜிடி500 பிரிவில் ஓடிய பிற்காலத்து ஜிடி-ஆர்களை இதோடு சேர்த்துப் பேசாதீர்கள். அவை பின்சக்கர இயக்கத்தில் ஓடின, விதிகளும் வேறு. 1990 முதல் 1993 வரை ஜப்பானிய டூரிங் கார் தொடரில் 29 பந்தயங்களில் 29 வெற்றி என்ற கணக்கு குரூப் ஏ கார்களுடையது, அதுவும் பல அணிகள் சேர்ந்து எடுத்தது.

எனக்கு மனம் பொறுக்காதது, ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தில் 1992-ல் கிடைத்த வெற்றியை அதிர்ஷ்டம் என்று சொல்வது. மழையில் ஜிடி-ஆர் சுவரில் மோதியது உண்மை. பந்தயத்தை நிறுத்தும் சிவப்புக் கொடி விழுந்ததும் முந்தைய சுற்றின் நிலவரப்படி முடிவு அறிவித்தார்கள். அப்போது ஜிம் ரிச்சர்ட்ஸ், மார்க் ஸ்கைஃப் ஜோடிதான் முன்னணி. 1991-லும் அங்கே ஜெயித்தது இதே ஜோடி. 1992-ல் கூடுதல் எடையையும் பூஸ்ட் கட்டுப்பாட்டையும் சுமந்துகொண்டு ஓடினார்கள். மேடையேறியபோது கூட்டம் அவர்களை எதிர்த்துக் கூச்சலிட்டது. தன் நண்பரும் பந்தய வீரருமான டென்னி ஹுல்ம் அதே பந்தயத்தில் மாரடைப்பால் இறந்த செய்தி சற்று முன்புதான் ரிச்சர்ட்ஸுக்கு எட்டியிருந்தது.