நோயாளி வீட்டு ஜெபத்துக்கு எந்தப் பாட்டு? அடிக்கடி நடக்கும் தவறுகள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலைந்து பேராகச் சேர்ந்து, படுத்த படுக்கையாகக் கிடப்பவர் வீட்டுக்கு ஜெபிக்கப் போவது தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துச் சபைகளில் வழக்கம்தான். என்ன ஜெபிப்பது என்று யோசித்து வருகிறவர்கள்கூட என்ன பாடுவது என்று யோசிப்பதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் "என்ன பாட்டுக்கா எடுக்கலாம்?" என்ற பேச்சே வரும். உடனே நாக்கில் நிற்பது காலையில் கைதட்டிப் பாடிய பாட்டு. படுத்திருப்பவர் அதைக் கேட்டே இருக்கமாட்டார்.

எழுபது வயதுக்காரருக்குப் போன வருடத்துப் பாட்டு எதற்கு? அவர் சின்ன வயதில் பாடிய கீர்த்தனையோ ஓய்வுநாள் பள்ளிப் பாட்டோதான் உள்ளே இறங்கும். பக்கவாதத்தில் பேச்சு போன சிலர், ஒரு வார்த்தை சொல்லத் திணறினாலும், பழகிய பாட்டின் வரிகளைப் பாடிவிடுவார்கள். பேச்சை நடத்துவது பெரும்பாலும் மூளையின் இடது பக்கம். பழகிய மெட்டுக்கு வலது பக்கமும் கைகொடுக்கிறது. அதனால் முந்தின நாளே மகளிடமோ மருமகளிடமோ போனில் கேட்டுவிடுங்கள்: "அப்பா வேலை செய்யும்போது எதை முணுமுணுப்பார்?" ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் என்றால் அது தெலுங்கிலோ கன்னடத்திலோ இருக்கலாம். அந்தப் பாட்டுத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

என் பார்வையில் பெரிய தவறு வேறு. 'இன்றே சுகம், இப்போதே எழுந்து நட' என்ற ரகப் பாட்டுகள். புற்றுநோய் முற்றி, "இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பெங்களூரு ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியவர் முன்னால் அதையே திரும்பத் திரும்பப் பாடினால், எழுந்திருக்க முடியாததற்குத் தன் விசுவாசக் குறைவே காரணம் என்று அவர் எடுத்துக்கொள்வார். சுகத்துக்காக ஜெபிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. சபை மூப்பர்களை வரவழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்கிறது வேதத்தில் யாக்கோபு 5:14. ஜெபத்தில் தாராளமாகக் கேளுங்கள். பாட்டில் முடிவை அறிவிக்காதீர்கள். 13-ம் சங்கீதம் 'எதுவரைக்கும்' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. 88-ம் சங்கீதம் கடைசி வரி வரை இருட்டிலேயே நிற்கிறது. வேதமே புலம்ப இடம் கொடுக்கிறபோது நமக்கு மட்டும் என்ன அவசரம்? குழப்பமாக இருந்தால் 23-ம் சங்கீதத்தின் மெட்டு ஏதாவது ஒன்று போதும். மரண இருளின் பள்ளத்தாக்கை மறைக்காமலே தைரியம் சொல்லும் சங்கீதம் அது.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: அக்கரை, யோர்தான், பரம வீடு என்று சாவை நினைவூட்டும் பாட்டுகளைப் பாடுவது. சவப்பெட்டி எடுக்கும்போது பாடும் பாட்டு தெருவில் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். எலத்தகிரி, கோவிலூர் மாதிரிப் பழைய கத்தோலிக்க ஊர்களில் இன்னும் கவனம் வேண்டும். நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்குச் சாமியார் எண்ணெய் பூசி ஜெபிக்கும் சடங்கு, சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமல்ல என்று கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) தெளிவாக்கியும், சாமியார் எண்ணெயோடு வந்தாலே பெரியவர்கள் சிலர் கலங்கிப்போகிறார்கள். அந்த நேரத்தில் அடக்கப் பாட்டு வேண்டாமே. ஆனால் நோயாளியே வாய்விட்டுக் கேட்டால் பாடிவிடுங்கள், வீட்டார் முகம் சுளித்தாலும் சரி. அவருக்கு எதைப் பாடுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் சுருதி. ஆலயத்தில் எடுப்பதைவிட ஒரு கட்டையாவது இறக்குங்கள். மூச்சு வாங்குகிறவர் உதட்டை அசைத்தாவது சேர்ந்துகொள்ள, வரிக்கு வரி நிறுத்திப் பாட வேண்டும். இரண்டு பாட்டு தாராளம். பல்லவியும் ஒரு சரணமும் பாடினாலே சில நேரம் அதிகம். அவர் கண்ணை மூடிக்கொண்டால் பக்தியில் மூழ்கிவிட்டார் என்று நினைத்து மூன்றாவதைத் தொடங்காதீர்கள், களைப்பாக இருக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரி வார்டு என்றால் நர்ஸிடம் முதலில் கேளுங்கள். அடுத்த கட்டிலில் ராத்திரி முழுக்கத் தூங்காதவர் ஒருவர் இருப்பார், அவர் வேறு சாமி கும்பிடுகிறவராகவும் இருக்கலாம். அங்கே பாட்டைக் காதருகே சொல்வது போலப் பாடினால் போதும். டோலக்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரும் வண்டியிலேயே இருக்கட்டும்.