ஒரே தொழில், மூன்று குடும்பப் பெயர்கள்: வாக்கர், ஃபுல்லர், டக்கர் எங்கிருந்து வந்தார்கள் என்று கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்மித் என்றால் கொல்லர், பேக்கர் என்றால் ரொட்டி சுடுபவர், டெய்லர் என்றால் தையற்காரர். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயர் இங்கிலாந்தின் எந்தப் பகுதியில் கிளம்பியது, இன்று எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதுதான் அதைவிடச் சுவையான கேள்வி. ஒரு கணினியும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டிலிருந்தே தேடிப் பார்க்கலாம். பெரும்பாலும் காசும் செலவாகாது.

முதல் பயிற்சிக்கு ஸ்மித்தை எடுக்காதீர்கள். கொல்லர் இல்லாத ஊர் அந்தக் காலத்தில் கிடையாது, அதனால் ஸ்மித் நாடு முழுக்க இருக்கிறார். வரைபடத்தில் போட்டால் எல்லா இடமும் ஒரே நிறமாகத் தெரியும். நான் சொல்லும் பெயர் வாக்கர். 1853ஆம் ஆண்டுப் பதிவுகளை வைத்து இங்கிலாந்து, வேல்ஸுக்குத் தயாரித்த பட்டியலிலேயே முதல் 20 பெயர்களுக்குள் வந்துவிட்டது. அதோடு தேட, அதே தொழிலைக் குறிக்கும் ஃபுல்லர், டக்கர் என்று இரண்டு துணைப் பெயர்களும் உண்டு. இந்த மூன்றையும் சேர்த்துத் தேடுவதுதான் இந்த விளக்கத்தின் சூட்சுமமே.

படி 1: தொழிலைப் புரிந்துகொள்ளுங்கள்

ஜானி வாக்கர் பாட்டிலில் உயரத் தொப்பியும் கைத்தடியுமாக ஒருவர் விறுவிறுவென நடப்பார். 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்த உருவம் அது. அதைப் பார்த்துப் பழகியதால் வாக்கர் என்றால் நடப்பவர், தூதுவர், காட்டைச் சுற்றிவரும் காவலர் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் அது கம்பளி நெசவைச் சேர்ந்த ஒரு வேலை.

தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி அப்படியே உடுத்த லாயக்கில்லை. ஆட்டு ரோமத்தின் பிசுக்கும், நூல் நூற்கும்போது தடவிய எண்ணெயும் அதில் ஒட்டியிருக்கும். நெசவும் இடைவெளி விட்டுத் தளர்வாக இருக்கும். அதைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் ஒருவகைக் களிமண்ணும் பல நாள் புளித்த சிறுநீரும் ஊற்றி, மணிக்கணக்காகக் காலால் மிதிப்பார்கள். சிறுநீர் எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். அதிலுள்ள அம்மோனியா பிசுக்கை எடுக்கும், அந்தக் காலத்தில் காசில்லாமல் கிடைத்ததும் அதுதான். மிதிக்க மிதிக்க இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகும். பிறகு வெளியே மரச் சட்டங்களில் கொக்கி மாட்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள்.

அந்தக் களிமண் நமக்கும் பழக்கமானதுதான். முல்தானி மிட்டி என்று முகத்தில் பூசுகிறோமே, அதே வகை. ஆங்கிலத்தில் அதன் பெயரே ஃபுல்லர்ஸ் எர்த், அதாவது ஃபுல்லரின் மண். சர்ரே மாவட்டத்தில் ரெட்ஹில், நட்ஃபீல்ட் பக்கம் அதற்குப் பெரிய சுரங்கங்கள் இருந்தன. 17ஆம் நூற்றாண்டில் அந்த மண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பவே இங்கிலாந்து தடை விதித்திருந்தது. கம்பளித் தொழிலில் போட்டி நாடுகளுக்கு அது கிடைத்துவிடக் கூடாது என்ற கவலை.

12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த வேலைக்கு ஆற்று நீரால் ஓடும் ஆலை வந்துவிட்டது. நீர்ச்சக்கரம் சுழல, மரச் சுத்தியல்கள் ஏறி இறங்கித் துணியை இடிக்கும். டெம்ப்ளர் வீரத் துறவிகள் 1185இல் எடுத்த சொத்துக் கணக்கில் இப்படிப்பட்ட ஆலைகள் இடம்பெறுகின்றன. அவற்றில் ஒன்று யார்க்‌ஷயரில் இருந்தது. ஆலை வேண்டுமானால் வேகமாக ஓடும் ஓடை வேண்டும். இது நினைவில் இருக்கட்டும், வரைபடம் பார்க்கும்போது உதவும்.

படி 2: அதே தொழிலுக்கு வேறு பெயர்கள் உண்டா என்று பாருங்கள்

புதிதாகத் தேடுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. ஒரு தொழிலுக்கு நாடு முழுக்க ஒரே பெயர் இருந்ததில்லை. துணியை மிதித்தவரை வடக்கிலும் மத்தியப் பகுதியிலும் வாக்கர் என்றார்கள். உருட்டுவது, புரட்டுவது என்ற பொருள் கொண்ட பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. தென்கிழக்கிலும் கிழக்கு ஆங்கிலியாவிலும் (நார்ஃபோக், சஃபோக் பக்கம்) ஃபுல்லர். இது லத்தீன் வழி. தென்மேற்கில் டக்கர், வதைப்பது, படுத்தி எடுப்பது என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்தது. துணியைப் போட்டு அடித்த அடிக்கு அந்தப் பெயர் பொருத்தம்தான்.

குடும்பப் பெயர்கள் உறைந்த காலத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். 1066இல் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்த பிறகு நிலப்பிரபுக்கள் முதலில் பரம்பரைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். சாதாரணக் குடும்பங்களுக்கு அந்தப் பழக்கம் பரவ 1400 வாக்கில் ஆயிற்று. தெற்கில் முந்தி, வடக்கில் பிந்தி. ஆக, இந்த மூன்று பெயர்களும் இன்று எங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்று பார்த்தால், சுமார் 600, 700 ஆண்டுகளுக்கு முன் எந்த வட்டாரத்தில் எந்த வழக்கு இருந்தது என்பது அப்படியே தெரியும். வாக்கரை மட்டும் தேடினால் ‘வடக்கில் நிறைய’ என்பதோடு கதை முடிந்துவிடும்.

இந்தப் படிக்கு நல்ல கருவி, 2016இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு பிரிட்டன், அயர்லாந்து குடும்பப் பெயர் அகராதி. விலை அதிகம், நூலகத்தில் பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் ஊர்ப் பெயர்களே உதவும். கார்ன்வாலில் டக்கிங்மில் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸ்காட்லாந்தில் வாக்மில் என்ற இடப்பெயர் பல இடங்களில் வரும். வேல்ஸில் இந்த ஆலைக்குப் பாண்டி என்று பெயர். டோனிபாண்டி ஊர்ப் பெயருக்குள் ஒளிந்திருப்பது அதுதான். (நம் பாண்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!) டெவனில் எக்ஸ்டர் நகரத்தில் நெசவாளர், துணி மிதிப்போர் சங்கத்துக்காக 1471இல் கட்டிய கட்டடம் இன்றும் நிற்கிறது. அதற்கு டக்கர்ஸ் ஹால் என்று பெயர், ஃபுல்லர்ஸ் ஹால் என்று இல்லை. எக்ஸ்டர் தென்மேற்கில் இருப்பதை ஒரு பழைய வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: பழைய ஆவணங்களில் பெயரைப் பிடியுங்கள்

1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி வசூலித்தார்கள். யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கான 1379ஆம் ஆண்டுப் பட்டியல் தொடங்குபவர்களுக்கு ஏற்றது. பெயரோடு சில இடங்களில் தொழிலும் இருக்கும். பெயரும் தொழிலும் ஒன்றாக இருந்தால் அது இன்னும் வெறும் அடைமொழியாக இருக்க வாய்ப்புண்டு. வாக்கர் என்ற பெயருடையவர் வேறு வேலை செய்கிறார் என்று வந்தால், பெயர் அப்பாவிடமிருந்தோ தாத்தாவிடமிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது என்று ஊகிக்கலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்தக் காலத்து எழுத்தர்கள் லத்தீனில் எழுதினார்கள். ஊரில் வாக்கர் என்று கூப்பிட்டாலும் டக்கர் என்று கூப்பிட்டாலும் ஏட்டில் ‘ஃபுல்லோ’ என்று பதிந்துவிடுவார்கள். எனவே லத்தீன் ஆவணத்தில் ஃபுல்லோ வந்தால் அதை உடனே ஃபுல்லர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

1538இலிருந்து தேவாலயங்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாம் பதிவாகத் தொடங்கின. அரசுப் பதிவு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலையிலிருந்து, ஸ்காட்லாந்தில் 1855இலிருந்து. பெயர் பரவலை மட்டும் பார்க்க இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ஒரு குறிப்பிட்ட குடும்பத்தைத் தேடுபவர்களுக்குத்தான் வேண்டும்.

படி 4: 1881ஐ அடித்தளமாக வையுங்கள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்கள் தொகைக் கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. தனிமனித விவரங்கள் 100 ஆண்டு பூட்டப்பட்டிருக்கும். 1921ஆம் ஆண்டுக் கணக்கு 2022 ஜனவரியில்தான் வெளிவந்தது. 1931ஆம் ஆண்டுத் தாள்கள் 1942இல் தீயில் போயின, 1941இல் போரால் கணக்கெடுக்கவே இல்லை. இருப்பவற்றில் 1881தான் பெயர் ஆய்வுக்கு எல்லோரும் எடுப்பது, ஏனென்றால் அதை முழுவதுமாகப் படியெடுத்துத் தேடும்படி வைத்திருக்கிறார்கள்.

ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். 1881 கணக்கெடுப்பைத் தேர்ந்து, குடும்பப் பெயர் இடத்தில் ஆங்கில எழுத்தில் பெயரை (Walker, Fuller, Tucker) கொடுத்து, ‘சரியாகப் பொருந்துவது மட்டும்’ என்பதை அழுத்துங்கள். இல்லாவிட்டால் அதுபோல் ஒலிக்கிற பெயர்களையெல்லாம் அள்ளிக் கொட்டும். அடுத்து இடத்துக்கு மாவட்டப் பெயர். வசிக்கும் மாவட்டத்தைவிடப் பிறந்த மாவட்டத்தைக் கொடுப்பது மேல். 1881க்குள் மில் வேலைக்கு லங்காஷயருக்கும், எல்லா வேலைக்கும் லண்டனுக்கும் மக்கள் குடிபெயர்ந்துவிட்டார்கள். பிறந்த இடம் ஒரு தலைமுறையாவது பின்னால் கூட்டிப்போகும்.

மாவட்ட எல்லைகள் 1974இல் நிறைய மாறின. அதனால் பழைய எல்லைகள் உள்ள வரைபடம்தான் வேண்டும். இன்றைய வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யார்க்‌ஷயரைத் தேடுவதற்குள்ளேயே பொழுது போய்விடும்.

படி 5: எண்ணிக்கையை விட்டு விகிதத்தைப் பாருங்கள்

கணக்குதான், ஆனால் சின்னது. 1881இல் டெவனில் சுமார் 6 லட்சம் பேர், யார்க்‌ஷயரில் சுமார் 28.9 லட்சம் பேர், சஸெக்ஸில் சுமார் 4.9 லட்சம். ஒரு பெயரில் டெவனிலும் 600 பேர், யார்க்‌ஷயரிலும் 600 பேர் என்று கற்பனையாக வைத்துக்கொள்வோம். பார்க்கச் சமம். லட்சத்துக்கு எத்தனை என்று வகுத்தால் டெவனில் 100, யார்க்‌ஷயரில் ஏறக்குறைய 21. அந்தப் பெயரின் வீடு டெவன்தான்.

எக்செலில் மூன்று பெயருக்கும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இப்படிப் போட்டு, அதிக விகிதம் உள்ளவற்றுக்கு வண்ணம் கொடுங்கள். டக்கர் டெவன், சோமர்செட், கார்ன்வாலிலும் கடலைத் தாண்டித் தெற்கு வேல்ஸ் கரையிலும் கூடும். ஃபுல்லர் சஸெக்ஸ், கென்ட், சஃபோக் பக்கம் ஒதுங்கும். வாக்கர் யார்க்‌ஷயரை மையமாக வைத்து வடக்கையும் மத்தியப் பகுதியையும் பிடித்துக்கொண்டு ஸ்காட்லாந்துத் தாழ்நிலம் வரை போகும். எக்ஸ்டரின் டக்கர்ஸ் ஹாலும் கார்ன்வாலின் டக்கிங்மில்லும் டக்கர் வண்ணத்துக்குள் வந்து விழுவதைப் பார்ப்பது ஒரு தனி சந்தோஷம்.

இன்றைய நிலைக்கு, யுனிவர்சிட்டி காலேஜ் லண்டன் ஆய்வாளர்கள் 1881ஐயும் 1998ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் பெயர் வரைபடங்களைத் தயாரித்தார்கள். ரயில், இரண்டு உலகப் போர்கள், கார் எல்லாம் வந்த பிறகும் பல பெயர்கள் பழைய மையத்தை விட்டு அதிகம் நகரவில்லை.

படி 6: ஆள்மாறாட்டத்தைக் கழியுங்கள்

எல்லா டக்கரும் துணி மிதித்தவரின் வாரிசு இல்லை. அயர்லாந்தின் ஓ டுவாக்கர் என்ற கேலிக் பெயரையும் ஆங்கிலத்தில் டக்கர் ஆக்கியிருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன் பேசும் பகுதியிலும் வாக்கர் உண்டு. நியூகாசில் அருகே வாக்கர் என்றே ஓர் இடமும் இருக்கிறது.

தமிழில் குறிப்பெடுப்பவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. மரப்பட்டையால் தோல் பதனிட்டவரின் பெயரும் (Barker), வேட்டைக்காட்டுக் காவலரின் பெயரும் (Parker) நம் எழுத்தில் ‘பார்க்கர்’ என்றே வரும். எக்செலில் பெயர்ப் பத்தியை மட்டும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒரே பெயர் என்றால் ஒரே ரத்தம் என்று முடிவு கட்டாதீர்கள். ஆலை இருந்த ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் ஒரு வாக்கர் தனியாகக் கிளம்பியிருப்பார்.

படி 7: கடல் தாண்டிப் போனவர்களைத் தொடருங்கள்

எந்தத் துறைமுகத்திலிருந்து கப்பல் கிளம்பியது என்று கேட்டாலே பாதி விடை வந்துவிடும். 1620இல் மேஃபிளவர் கப்பலில் போன எட்வர்ட் ஃபுல்லர், சாமுவேல் ஃபுல்லர் சகோதரர்கள் நார்ஃபோக் மாவட்டத்துக்காரர்கள், அதாவது ஃபுல்லர் வட்டாரம். பெர்முடாவில் டக்கர்ஸ் டவுன் என்று ஓர் இடம் உண்டு. 1616இல் ஆளுநராக வந்த டேனியல் டக்கரின் பெயர் அது. 17ஆம் நூற்றாண்டில் வட அயர்லாந்தில் குடியேறியவர்களோடு வாக்கரும் போனார். 1689இல் டெர்ரி நகர முற்றுகையின்போது ஆளுநராக இருந்தவர் ஜார்ஜ் வாக்கர்.

அமெரிக்காவுக்கு அந்நாட்டுக் கணக்கெடுப்புத் துறையே குறைந்தது 100 பேர் உள்ள பெயர்களின் பட்டியலை இலவசமாகத் தருகிறது. 2000ஆம் ஆண்டுப் பட்டியலில் வாக்கர் 28ஆம் இடம், 5 லட்சத்துக்குச் சற்று மேல். அதே வரிசையில் இனவாரி சதவீதமும் இருக்கும், அதைத் தவறாமல் பாருங்கள். அங்கே வாக்கர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் கறுப்பினத்தவர். அடிமை முறைக் காலத்தில் முதலாளியின் பெயர் ஒட்டியிருக்கலாம், விடுதலைக்குப் பிறகு தாமாகத் தேர்ந்ததாகவும் இருக்கலாம், திருமணத்தில் வந்ததாகவும் இருக்கலாம். கூந்தல் தைலம் விற்றுப் பெரும் செல்வந்தரான மேடம் சி. ஜே. வாக்கர் 1867இல் லூசியானாவில் பிறந்தபோது அவர் பெயர் சாரா பிரீட்லவ். வாக்கர் அவர் கணவரின் பெயர். இந்த எண்களை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் இத்தனை யார்க்‌ஷயர்க்காரர்கள் என்று எழுதிவிடக் கூடாது.

மற்ற நாடுகளுக்கு ஃபோர்பேர்ஸ் தளம் ஒரு தோராயம் தரும். அதில் வருபவை மதிப்பீடுகள், தலைகளை எண்ணிய கணக்கு கிடையாது.

இந்த மூன்றையும் முடித்துவிட்டீர்களா? சரி, அடுத்து நெசவாளர்களை எடுங்கள்: வெப், வெப்ஸ்டர், வீவர். சாயம் போட்டவர்கள் வேண்டுமென்றால் லிஸ்டரும் டையரும். லிஸ்டரை எங்கே தேட ஆரம்பிப்பது என்று வாக்கர் வரைபடமே சொல்லிவிடும்.