மாருதி 800-ல் செகண்ட்ஸ் என்ஜின் ஏற்றிய பிறகு: சோதிப்பதும் கோளாறு பிடிப்பதும்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கார்புரேட்டர் மாடல் மாருதி 800 வைத்திருப்பவர்கள் என்ஜின் போய்விட்டால் போரிங் வேலை பார்ப்பதைவிட, அதே 796 சிசி மூன்று சிலிண்டர் எஃப்8பி என்ஜின் ஒன்றைத் தேடிப்பிடித்து ஏற்றிவிடுவது வழக்கம். ஏற்றியதும் வண்டி மிஸ்ஸிங் அடித்தாலோ சூடேறினாலோ "என்ஜினே சரியில்லை" என்று சொல்லிவிடுகிறோம். முதலில் வெளியே நாம் மாட்டிய வயர், ஹோஸ், கேபிளைச் சந்தேகப்படுங்கள். என்ஜினைத் திறப்பது கடைசி வேலை.

கையில் இருக்க வேண்டியவை: மல்டிமீட்டர், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளப்பது), டைமிங் லைட் (ஸ்பார்க் விழும் நேரம் பார்ப்பது), முடிந்தால் ஆயில் ப்ரஷர் கேஜ். பக்கத்தில் ஒரு தீயணைப்பான் கட்டாயம்.

படி 1: சாவி திருப்பும் முன்

புது ஃபில்டர் போட்டு, இரண்டரை லிட்டர் ஆயில் ஊற்றி டிப்ஸ்டிக் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அளவுக்குக் கொண்டுவாருங்கள். டிரைவ் ஷாஃப்ட் கழற்றியபோது கியர்பாக்ஸ் ஆயிலும் வடிந்திருக்கும். பலர் மறப்பது இதைத்தான்.

அடுத்தது எர்த் வயர். என்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த் பட்டையை மாட்டாமல் விட்டால், செல்ஃப் அடிக்கும்போது அவ்வளவு கரண்ட்டும் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் கைபொறுக்காமல் சுடும், உறை உருகிப் புகையும், ஆக்ஸிலரேட்டர் இறுகிக்கொள்ளும். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை என்ஜின் பிளாக்கிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்ட்டும் துருவும் போகச் சுரண்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள்.

படி 2: ஸ்பார்க் இல்லாமல் சுற்றுதல்

மூன்று ப்ளக்கையும் கழற்றுங்கள். இக்னிஷன் காயிலுக்குப் போகும் சின்ன வயரைப் பிடுங்கிவிடுங்கள். இல்லையென்றால் ப்ளக் ஓட்டை வழியாக வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கலாம். பத்து விநாடி செல்ஃப் அடித்து, அரை நிமிடம் ஆறவிட்டு, ஆயில் லைட் அணையும்வரை இப்படியே செய்யுங்கள். நாள்கணக்கில் சும்மா கிடந்த என்ஜினில் பேரிங்குக்கு ஆயில் ஏறாமல் ஸ்டார்ட் செய்தால், அந்த முதல் நிமிடத்திலேயே தேய்மானம் தொடங்கிவிடும். ஆயில் லைட் அணையவே இல்லையா? ஸ்டார்ட் பண்ணாதீர்கள். ஆயில் ப்ரஷர் ஸ்விட்ச்சைக் கழற்றி அந்த இடத்தில் ப்ரஷர் கேஜை மாட்டிப் பாருங்கள்.

ப்ளக் கழன்றிருக்கும்போதே கம்ப்ரஷனும் பார்த்துவிடலாம். ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்துப் பிடிக்க வேண்டும்; மிதிக்காமல் பார்த்தால் நல்ல என்ஜினும் குறைவாகத்தான் காட்டும். 150 பிஎஸ்ஐக்கு மேல் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் நிம்மதி. ஒன்று மட்டும் குறைந்தால் அந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லை என்றால் வால்வ் உட்காரவில்லை. ஹெட்டைக் கழற்றும் முன் டாப்பெட் இடைவெளியை (வால்வை அழுத்தும் பாகத்துக்கும் வால்வுக்கும் நடுவே உள்ளது) சரிபாருங்கள், இறுக்கமாக இருந்தாலும் இப்படித்தான் காட்டும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள தகடு) போயிருக்கும்.

படி 3: முதல் ஸ்டார்ட்

டைமிங் பெல்ட் பக்கம் இருப்பது ஒன்றாம் சிலிண்டர். ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் ஸ்பார்க் விழும் வரிசை, 1-3-2. செல்ஃப் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை, கார்புரேட்டர் வழியாக "டப்" என்று அடிக்கிறது என்றால் ப்ளக் வயர் மாறியிருக்கும், அல்லது ப்ளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் அரைச் சுற்று தள்ளி உட்கார்ந்திருக்கும். ஒன்றாம் ப்ளக் ஓட்டையில் விரலை வைத்து கிராங்கைக் கையால் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும் சுற்றில், டைமிங் குறி நேராக வரும்போது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் ஒன்றாம் வயரைப் பார்க்க வேண்டும்.

ஸ்பார்க் சரி, பெட்ரோல் வரவில்லை என்றால் பம்ப்பில் உள்ள ஹோஸ்களைப் பாருங்கள். டேங்கிலிருந்து வருவதையும் ரிட்டர்னையும் மாற்றி மாட்டுவது சகஜம். பழைய ரப்பர் ஹோஸை அப்படியே திரும்பப் போடாதீர்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலில் சீக்கிரம் வெடிப்பு விடும்.

ஐட்லிங் 900 ஆர்பிஎம் அருகில் நிற்க வேண்டும். ஏறி இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது: மேனிஃபோல்ட் கேஸ்கெட், கார்புரேட்டர் அடி, பிடுங்கி விட்ட வேக்யூம் ஹோஸ். சந்தேக இடத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள், சத்தம் மாறினால் அதே இடம். சார்ஜிங் 13.8-லிருந்து 14.4 வோல்ட்டுக்குள் இருக்கட்டும்.

படி 4: தண்ணீர்

நம் பக்கத்து போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றாதீர்கள். அதிலுள்ள ஃப்ளோரைடு மனிதருக்குப் பிரச்சினை. ரேடியேட்டருக்குப் பிரச்சினை உப்புக்கறை. டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி.

வண்டியின் முன்பக்கம் மேடாக நிற்கட்டும். மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டர் இருந்தால் முழுச் சூட்டில் வைத்து, என்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஓடவிட்டு நிரப்புங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும், குமிழி வரும். நிரப்பி மூடி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை காத்திருங்கள். ஏர் லாக் (உள்ளே சிக்கிய காற்று) இருந்தால் சூடு பார்க்கும் சென்ஸாரைச் சுற்றித் தண்ணீரே இருக்காது. டெம்ப்ரேச்சர் முள் பாட்டுக்குக் கீழே கிடக்கும், உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். அதனால் முள்ளை மட்டும் நம்பாமல் மேல் ஹோஸ் சூடாகிறதா என்று தொட்டுப் பாருங்கள். எவ்வளவு நேரமானாலும் குமிழி நிற்காமல், வெள்ளைப் புகையும் வந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். சூடான மூடியை எந்தக் காரணத்துக்கும் திறக்காதீர்கள்.

படி 5: ரோடு

என்ஜின் ஆஃபில் கியர் சுலபமாக விழுந்து, ஓடும்போது "கர்" என்று கத்தினால் கிளட்ச் முழுதாக விடவில்லை. முதலில் கேபிளை அட்ஜஸ்ட் செய்யுங்கள். தீராவிட்டால் கிளட்ச் பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்கலாம், கியர்பாக்ஸ் மறுபடி இறங்கத்தான் வேண்டும். ஐட்லிங்கில் பாடி அதிர்ந்தால் மவுன்ட்டிங் போல்ட்களைக் கொஞ்சம் தளர்த்தி, என்ஜினை ஓடவிட்டு, அது உட்கார்ந்த இடத்தில் முறுக்குங்கள்.

முதலில் ஊருக்குள் சமதளத்தில் ஓட்டி, வந்ததும் கீழே காகிதம் விரித்து ஒழுகலைப் பாருங்கள். பிரேக், கிளட்ச், தண்ணீர் மூன்றும் சரியென்று உறுதியான பிறகே தொப்பூர் கணவாய். தர்மபுரியிலிருந்து சேலம் போகையில் இறக்கம். லாரி நெரிசலும் விபத்தும் அதிகமுள்ள இடம், இடது ஓரமாக, கியரிலேயே இறங்குங்கள். ஆக்ஸிலரேட்டரை விட்டு நீண்ட நேரம் இறங்கி, கீழே மறுபடி மிதிக்கும் நொடியில் கண்ணாடியில் நீலப் புகை தெரிந்தால் வால்வ் சீல் போயிருக்கிறது. திரும்பி ஏறும்போது சூடேறுகிறதா, சத்தம் மட்டும் கூடி வேகம் கூடாமல் கிளட்ச் வழுக்குகிறதா என்று கவனியுங்கள். ஏற்றத்தில் மட்டும் இழுவை செத்துப்போனால் பெட்ரோல் ஃபில்டர், அடுத்தது இக்னிஷன் டைமிங். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஓசூர் போகும் வழியில் சூளகிரிப் பக்கத்து ஏற்றம் போதும்.

ஐந்நூறு கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, மவுன்ட்டிங் போல்ட்களை மறுபடி முறுக்குங்கள்.

என்ஜின் நம்பர் மாறியதை ஆர்சியில் ஏற்ற வேண்டும். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இதைப் பற்றியது. என்ஜினை ஏற்றும் முன்பே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு அனுமதி வாங்கிவிடுவது நல்லது. விற்றவரிடம் நம்பர் எழுதிய பில்லையும், அந்த என்ஜின் எந்த வண்டியில் இருந்தது என்ற ஆதாரத்தையும் வாங்குங்கள். நம்பர் பொருந்தாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனால் இழுத்தடிப்பார்கள்.