பழைய வெபர் கரி அடுப்புக்கு மறுபடி உயிர் வந்தது

வெபர் என்பது இறைச்சி சுடும், மூடி போட்ட கிண்ண வடிவக் கரி அடுப்பு. கடல் மிதவையின் அரைக்கோளத்தை வைத்து 1952-இல் ஜார்ஜ் ஸ்டீஃபன் அமெரிக்காவில் உருவாக்கிய வடிவம் இது. என்னிடம் இருப்பது பழைய மாடல்: அடியில் மூன்று காற்றுத் துளைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுமினிய மூடி. அதில் ஒன்று உடைந்திருந்தது, இன்னொன்று இறுகிப்போய் அசையவே இல்லை. காற்றை அடக்க முடியாவிட்டால் கரியின் சூடு நம் பேச்சைக் கேட்காது.

இந்த மூடிகளைக் கிண்ணத்தோடு பிணைத்திருப்பது ரிவிட், அதாவது தலை நசுக்கிய உலோக ஆணி. அதைச் சுத்தியலால் தட்டி எடுக்கவே கூடாது. கிண்ணத்தின் மேல் இருப்பது பெயின்ட் இல்லை, உருக்கி ஒட்டிய எனாமல். அடி பட்டால் கண்ணாடி மாதிரி சில்லு சில்லாகப் பெயரும். அதனால் சுற்றிலும் டேப் ஒட்டி, ரிவிட்டின் தலையை மட்டும் மெதுவாக டிரில் போட்டு எடுத்தேன். புது மூடிகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்தான் போட்டேன். துத்தநாகம் பூசிய போல்ட் மலிவுதான், ஆனால் நெருப்புக்குப் பக்கத்தில் அதன் புகை உடம்புக்கு ஆகாது.

அப்புறம் மேல்மூடியின் உள்ளே உரிந்த கறுப்புப் பொருக்கு. பலர் அதைப் பெயின்ட் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். அது கரியாகிப் போன கொழுப்பும் புகையும்தான். பிளாஸ்டிக் தகட்டால் சுரண்டினாலே போதும். மரக் கைப்பிடியைத் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசினேன். பழைய ரேகைகள் அழகாகத் தெரிகின்றன.