ஸ்டான்லி குப்ரிக்கின் படங்களைப் பற்றி வாதிடுவது எப்படி: புதிய ரசிகர்களுக்கான செய்முறை விளக்கம்

திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கைப் பற்றிப் பேசத் தொடங்கும் ரசிகர்கள் சிறிது நேரத்திலேயே இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு தரப்புக்கு அவர் திரைக்கலையின் உச்சம். மறு தரப்புக்கு அவர் நடிகர்களைச் சதுரங்கக் காய்களாக நகர்த்திய, நெஞ்சில் ஈரமில்லாத கணக்கர். 1953 முதல் 1999 வரை அவர் எடுத்தவை 13 முழுநீளப் படங்கள்தான் என்றாலும், அவற்றைப் பற்றிய சச்சரவு அவர் மறைந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும் ஓயவில்லை. இந்தச் சச்சரவில் பெரும்பகுதி பயனற்றுப் போவதற்குக் காரணம், ஒருவர் திரையில் தெரிவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மற்றவர் இயக்குநரைச் சுற்றி வளர்ந்த கதைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதே என்பது என் எண்ணம். அந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்ளாமல் விவாதத்தில் நுழைய விரும்பும் புதியவர்களுக்காகவே கீழ்க்காணும் படிகளை எழுதுகிறேன். படங்களின் முடிவுகளை மறைக்காமல் பேசியிருக்கிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

படி 1: பார்க்கும் வரிசையை முடிவு செய்யுங்கள்

பலரும் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' படத்திலிருந்து தொடங்கச் சொல்வார்கள், நான் அதை ஐந்தாவதாக வைக்கச் சொல்வேன். முதலில் 'பாத்ஸ் ஆஃப் குளோரி' (1957). ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் இந்தப் போர் எதிர்ப்புப் படத்தில், அவர் எதை நினைத்துக் கோபப்படுகிறார் என்பது யாருக்கும் விளங்கும். அடுத்து 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' (1964), அதன்பின் 'தி ஷைனிங்' (1980), பிறகு 'பேரி லிண்டன்' (1975). இவற்றைக் கடந்து வந்தவருக்கு 2001-இன் நீண்ட மௌனங்கள் அந்நியமாகத் தோன்றுவதில்லை.

'ஸ்பார்டகஸ்' (1960) படத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். படப்பிடிப்பு தொடங்கிய பிறகு ஆந்தனி மான் நீக்கப்பட்டு, அவருடைய இடத்துக்குக் குப்ரிக் அழைத்துவரப்பட்டார். நாயகனாக நடித்த கிர்க் டக்ளஸின் நிறுவனமே தயாரிப்பையும் கவனித்தது. படத்தின் மீது தமக்கு முழு அதிகாரம் இருக்கவில்லை என்று குப்ரிக் பிற்காலத்தில் அதிலிருந்து விலகி நின்றார். ஆகவே, அவருடைய திறமைக்கோ குறைக்கோ அந்தப் படத்தைச் சான்றாகக் காட்டும் வாதம் எளிதில் உடைந்துவிடும்.

படி 2: எந்தப் பதிப்பைப் பார்த்தீர்கள் என்று உறுதிப்படுத்துங்கள்

இது அற்பமான படி போலத் தோன்றும், ஆனால் பாதிச் சண்டைகள் இங்கேயே தீர்ந்துவிடும். 'தி ஷைனிங்' அமெரிக்காவில் சுமார் 144 நிமிடங்களும் ஐரோப்பாவில் சுமார் 119 நிமிடங்களும் ஓடியது, சுருக்கியவரும் குப்ரிக்கே. சிறுவன் டேனியை மருத்துவர் வந்து பார்க்கும் காட்சியும், அதைத் தொடர்ந்து அவனுடைய கையைக் கணவன் ஜாக் முன்பொருமுறை காயப்படுத்தியதைத் தாய் வெண்டி சிரித்து மழுப்பியபடி சொல்லும் உரையாடலும் குறுகிய பதிப்பில் இல்லை. ஆகவே ஜாக்கின் வன்முறைக்குத் தொடக்கத்திலேயே அடித்தளம் இடப்பட்டிருக்கிறது என்று ஒருவரும், அப்படி எதுவுமே இல்லை என்று இன்னொருவரும் சொன்னால், இருவரும் தாங்கள் பார்த்த படத்தைப் பற்றி உண்மையே பேசிக்கொண்டிருக்கக்கூடும். 2001 படமும் அப்படித்தான்: 1968 ஏப்ரலில் நடந்த முதல் காட்சிகளுக்குப் பிறகு அதிலிருந்து சுமார் 19 நிமிடங்களை அவரே வெட்டினார், இன்று நாம் பார்ப்பது வெட்டப்பட்ட வடிவம்.

படி 3: தீர்ப்பைத் தள்ளிவைத்து, காட்சியை விவரித்துப் பழகுங்கள்

ஒரு காட்சியைத் தேர்ந்துகொண்டு, கேமரா எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது, என்ன ஒலி கேட்கிறது, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பவற்றை மட்டும் எழுதுங்கள். 'அருமை', 'சலிப்பு', 'மேதைமை' போன்ற சொற்களை இந்தக் கட்டத்தில் அனுமதிக்காதீர்கள்.

எடுத்துக்காட்டாக, 2001 படத்தில் ஹால் என்ற கணினி செயலிழக்கச் செய்யப்படும் காட்சியை எடுத்துக்கொள்வோம். விண்வெளி வீரர் போமன் சிவப்பு ஒளி நிரம்பிய அறைக்குள் மிதந்தபடி நினைவகத் தொகுதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுகிறார். அவருடைய மூச்சுக்காற்றின் ஓசை இடைவிடாமல் கேட்கிறது. அவர் ஏறத்தாழ ஒன்றுமே பேசுவதில்லை. கணினியோ அச்சப்படுவதாகச் சொல்கிறது, நிறுத்தும்படி கெஞ்சுகிறது, தன் மனம் கரைந்துபோவதை உணர்வதாகச் சொல்கிறது, இறுதியில் ஒரு பழைய பாடலை மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போகும் குரலில் பாடி அடங்குகிறது. இவ்வளவையும் எழுதி முடித்த பிறகு மனிதன் இயந்திரத்தைப் போலவும் இயந்திரம் மனிதனைப் போலவும் நடந்துகொள்வது தானாகவே கண்ணில் படும். அதை நல்ல உத்தி என்று புகழ்வதா, மனிதர்களை எழுதத் தெரியாததன் விளைவு என்று குறை கூறுவதா என்பது அதற்கு அடுத்த கேள்வி.

படி 4: 'ஈரமில்லை' என்ற குற்றச்சாட்டை நேருக்கு நேர் சோதியுங்கள்

மொத்த விவாதமும் இந்த ஒரு புள்ளியைச் சுற்றியே சுழல்வதால் இங்கே சற்று நிதானிக்க வேண்டும். இந்தக் குற்றச்சாட்டுக்கு இரண்டு வழிகளில் பதில் சொல்லலாம்: அதை மறுக்கலாம், அல்லது ஒப்புக்கொண்டு அதற்கு ஒரு நோக்கம் உண்டு என்று காட்டலாம். இரண்டையும் ஒரே மூச்சில் செய்ய முயல்பவர்கள் தாங்களே தங்கள் வாதத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மறுப்பவர்களுக்கு 'பாத்ஸ் ஆஃப் குளோரி' படத்தின் இறுதிக் காட்சி துணை நிற்கும். பிரெஞ்சுப் படைவீரர்கள் நிறைந்த விடுதியொன்றில், பிடிபட்ட ஜெர்மானியப் பெண் ஒருத்தி மேடையேற்றப்படுகிறாள். ஊளையிட்டுக் கேலி செய்தவர்கள், அவள் நடுங்கிய குரலில் பாடத் தொடங்கியதும் ஓய்ந்து, மொழி புரியாமலே உடன்சேர்ந்து முனகி, கண்ணீர் விடுகிறார்கள். இதை எடுத்தவரை ஈரமில்லாதவர் என்று சொல்வது கடினம். ஆனால் எதிர்த்தரப்பு, அது தொடக்ககாலக் குப்ரிக், பின்னர் வந்தவர் வேறொருவர் என்று எளிதாகப் பதில் சொல்லிவிடும். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது.

இரண்டாம் வழிக்கு 'பேரி லிண்டன்' படத்தைவிடப் பொருத்தமான களம் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் ஓர் அயர்லாந்து இளைஞன் போரிலும் சூதாட்டத்திலும் புரண்டு, செல்வச் சீமாட்டி ஒருத்தியை மணந்து உயர்ந்து, பின் எல்லாவற்றையும் இழக்கிறான். கேமரா பல இடங்களில் ஒரு முகத்திலோ கையிலோ தொடங்கி, ஜூம் வழியாக மெதுவாகப் பின்வாங்கி, மனிதர்கள் நிலக்காட்சி ஓவியத்தின் சிறு புள்ளிகளாக ஆகும்வரை விலகிக்கொண்டே போகிறது. கதைசொல்லியின் அமைதியான குரல், பேரி தன் இறுதிக்காலத்தில் பிள்ளையின்றித் தனித்திருப்பான் என்பதை, அவனுடைய சிறுமகன் உயிரோடு விளையாடிக்கொண்டிருக்கும்போதே அறிவித்துவிடுகிறது. அதனால், குதிரையிலிருந்து விழுந்த மகனின் படுக்கையருகே அமர்ந்து, பேரி பலமுறை சொன்ன தன் போர்க்கதையை மீண்டும் சொல்லத் தொடங்கி, முடிக்க இயலாமல் உடைந்துபோகும்போது, என்ன நடக்குமோ என்ற பதற்றம் பார்வையாளருக்குத் துளியும் இருப்பதில்லை; நடக்கப்போவது தெரிந்தும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கட்டாயம் மட்டுமே எஞ்சுகிறது.

இந்த விலகல் துயரத்தைக் கனக்கச் செய்கிறது என்பதே என் தீர்ப்பு. ஆயினும் அதே உத்தி பேரி மணந்த லேடி லிண்டன் விஷயத்தில் தோற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்: அவருக்கு வசனங்கள் மிகக் குறைவு, அவர் என்ன நினைக்கிறார் என்பது கடைசிவரை நமக்குத் தெரிவதில்லை, அழகான உடைகளுக்குள் ஒரு சோகமான முகமாகவே அவர் நின்றுவிடுகிறார். ஒரே படத்துக்குள் ஓர் உத்தி எங்கே பலிக்கிறது, எங்கே பலிக்கவில்லை என்று பிரித்துக் காட்டும் ரசிகரின் சொல்லுக்கு எதிர்த்தரப்பும் காது கொடுக்கும்.

படி 5: மூல நாவலோடு ஒப்பிடும்போது விசுவாசத்தை அளவுகோலாக்காதீர்கள்

'தி ஷைனிங்' நாவலை எழுதிய ஸ்டீவன் கிங் குப்ரிக்கின் படத்தை வெளிப்படையாகவே வெறுத்தார். 1997-இல் அதே கதை அவருடைய திரைக்கதையில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. நாவலில் ஜாக் நல்லவனாக இருக்க முயன்று படிப்படியாகச் சரிகிறான். படத்திலோ முதல் காட்சியிலேயே அவனிடம் ஏதோ கோளாறு தெரிகிறது என்பது கிங்கின் முக்கியக் குறை. நாவலில் கதை நடக்கும் விடுதியின் கொதிகலன் வெடிக்கிறது. படத்தில் ஜாக் பனிமூடிய புதர்ச் சிக்கல்வழியில் உறைந்து சாகிறான். இந்த மாற்றங்களைப் பட்டியலிடுவது வாதம் ஆகாது. மாற்றியதால் எது கிடைத்தது, எது போயிற்று என்று கேட்க வேண்டும். ஒரு மனிதனின் வீழ்ச்சி என்ற கதை போயிற்று என்பதை ஏற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகக் கிடைத்த அச்சம் போதுமா என்று விவாதிப்பதே பொருளுள்ளது. 'பேரி லிண்டன்' படத்தின் கடைசி இருவர்-சண்டை நாவலில் இல்லவே இல்லை. பேரி வேண்டுமென்றே துப்பாக்கியைத் தரையில் சுட்டு, அந்தப் பெருந்தன்மைக்கு விலையாகக் காலை இழக்கும் அந்தக் காட்சி, குப்ரிக் சேர்த்தவற்றில் மிகச் சிறந்தது என்பேன்.

படி 6: படத்தையும் படப்பிடிப்புக் கதைகளையும் பிரித்து வையுங்கள்

'பேரி லிண்டன்' படத்தின் சில காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எடுப்பதற்காக, நாசாவுக்கென்று ஸைஸ் நிறுவனம் உருவாக்கிய, மிகக் குறைந்த ஒளியிலும் படமெடுக்க உதவும் எஃப் 0.7 துளை அளவுள்ள லென்ஸைக் குப்ரிக் தேடிப் பிடித்துக் கேமராவில் பொருத்தினார் என்பது உண்மை. அந்தக் காட்சிகளுக்கு ஓவியத்தின் சாயல் வந்ததற்கும், குவியம் தவறாதிருக்க நடிகர்கள் அதிகம் அசையாமல் அமர்ந்திருப்பதற்கும் அந்த லென்ஸே காரணம் என்பதால், இந்தத் தகவல் விவாதத்துக்கு உதவும். இத்தனை டேக் எடுத்தார், அத்தனை நாள் காக்கவைத்தார் என்பவை பெரும்பாலும் உதவாது.

நடிகர்களை அவர் நடத்திய விதம் வேறு வகையான கேள்வி; அதைத் தட்டிக்கழிக்கவும் கூடாது. 'தி ஷைனிங்' படப்பிடிப்பைப் பற்றி அவருடைய மகள் விவியன் எடுத்த ஆவணப்படத்தில், வெண்டியாக நடித்த ஷெல்லி டுவாலிடம் அவர் கடுமையாக நடந்துகொள்வது பதிவாகியிருக்கிறது. டுவாலும் அந்த மாதங்கள் எவ்வளவு வருத்தின என்று பலமுறை கூறியிருக்கிறார். தம்மிடம் அவர் அன்பாகவே பழகினார் என்றும் பிற்காலப் பேட்டியொன்றில் கூறியிருக்கிறார். நடிப்பு சிறப்பாக வந்தது என்பதால் நடத்தை நியாயமாகிவிடாது. நடத்தை தவறு என்பதால் வெண்டியின் நடுக்கம் திரையில் பொய்யாகிவிடாது. இரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் சொல்லுங்கள்.

நிலவில் இறங்கியதைப் போலியாகப் படமெடுத்தவர் அவரே என்பது போன்ற கட்டுக்கதைகளை யாராவது எடுத்தால், பேச்சை மாற்றிவிடுங்கள்.

படி 7: விருதையும் முதல் விமர்சனத்தையும் ஆயுதமாக்காதீர்கள்

சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு நான்கு முறை பரிந்துரைக்கப்பட்டும் அவர் வென்றதில்லை. அவர் கைக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் 2001 படத்தின் காட்சி விளைவுகளுக்கானது. விமர்சகர் பாலின் கேல் அந்தப் படத்தைக் கற்பனை வறண்டது என்று சாடினார். மற்றொரு விமர்சகர் ஆண்ட்ரூ சாரிஸ் முதலில் நிராகரித்து, மறுபடி பார்த்தபின் கருத்தை மாற்றிக்கொண்டார். 2022-இல் 'சைட் அண்ட் சவுண்ட்' என்ற திரைப்பட இதழ் இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அதுவே முதலிடம் பெற்றது. இவை மதிப்பு எப்படி மாறியது என்பதைக் காட்டும். படம் நல்லதா என்பதைக் காட்டமாட்டா.

படி 8: உங்கள் வாதத்தை ஒரு பத்தியாக எழுதிப் பாருங்கள்

முதல் வாக்கியத்தில் ஒரே ஒரு கூற்று, அடுத்துக் குறைந்தது இரண்டு காட்சிகள், அதன்பின் உங்கள் கூற்றுக்கு எதிராக நிற்கும் ஒரு காட்சி என்ற ஒழுங்கு தொடக்கத்துக்குப் போதும். எதிரான காட்சி எதுவும் நினைவுக்கு வரவில்லையென்றால், நீங்கள் படத்தை இன்னும் கவனமாகப் பார்க்கவில்லை என்று கொள்ளலாம்.

பயிற்சிக்கு 'ஃபுல் மெட்டல் ஜாக்கெட்' (1987) ஏற்றது. முதல் பாதி கடற்படைக் காலாட்படையின் பயிற்சி முகாமிலும், இரண்டாம் பாதி வியட்நாம் போர்க்களத்திலும் நடக்கிறது. இரண்டாம் பாதியில் படம் தளர்ந்துவிடுகிறது என்று ஒரு சாராரும், அந்தத் தளர்ச்சியே போரின் இயல்பு என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். நான் முதல் சாராரின் பக்கம் சாய்கிறேன். அங்கங்கே நிகழ்ச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தொங்குகின்றன. ஆனால் மறைந்திருந்து சுட்டது ஓர் இளம்பெண் என்று தெரிந்தபின் நாயகன் ஜோக்கர் எடுக்கும் முடிவும், எரியும் நகரத்தின் நடுவே படைவீரர்கள் குழந்தைகளின் பாட்டைப் பாடியபடி நடப்பதும் என் கூற்றுக்கு எதிராகவே நிற்கின்றன. முதல் பாதியில் பைல் என்ற பயிற்சி வீரன் கழிவறையில் அமர்ந்திருக்கும் காட்சியையும் இந்த இறுதிப் பகுதியையும் அடுத்தடுத்துப் பார்த்து, மூன்றாம் படியில் சொன்னவாறு இரண்டையும் விவரித்த பிறகு, எந்தச் சாராரின் பக்கம் நிற்கிறீர்கள் என்று எழுதுங்கள்.