நாயோ பூனையோ விடாம சொறியுதா? மருந்து தடவுறதுக்கு முன்னாடி எங்க சொறியுதுன்னு பாருங்க

ராத்திரி பூரா வரட்டு வரட்டுன்னு சொறிஞ்சுகிட்டே இருந்தா பாக்குற நமக்கு மனசு கேக்காது, கையில கிடைச்ச ஆயின்மென்ட்ட எடுத்து தடவிடுவோம். தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. நக்கியே உள்ள தள்ளிடும், புண்ணும் வேற மாதிரி ஆகிப்போயி டாக்டருக்கே என்னன்னு புரியாது.

முதல்ல இடத்த பாருங்க. வால் ஆரம்பிக்கிற இடம், இடுப்பு, பின்தொடை இங்கெல்லாம் கடிச்சுகிட்டே இருந்தா தெள்ளுப்பூச்சியதான் முதல்ல சந்தேகப்படணும், அலர்ஜி இருக்கிற நாய்க்கோ பூனைக்கோ ஒண்ணு ரெண்டு கடியே போதும், நீங்க தேடுனா பூச்சியே கண்ணுல படாது, அதுலயும் பூனை நக்கி முழுங்கிடும். அதனால பல்லு நெருக்கமான சீப்புல வாரி, வர்ற கருப்பு தூள ஈரமான வெள்ள டிஷ்யூ மேல போட்டு பாருங்க. சுத்தி செம்பழுப்பா கலர் இறங்குச்சுன்னா அது மண்ணு இல்ல, பூச்சி குடிச்ச ரத்தம் கழிவா வந்தது.

பாதம், அக்குள், தொடையிடுக்கு, காது, முகம்னு அரிச்சா தூசி, மகரந்த அலர்ஜியா இருக்கலாம், பெரும்பாலும் 6 மாசத்துல இருந்து 3 வயசுக்குள்ள ஆரம்பிக்கும். வெள்ள நாயா இருந்தா விரலிடுக்குல முடி துருப்பிடிச்ச மாதிரி இருக்கும் பாருங்க, அது நக்கி நக்கி விழுந்த எச்சில் கறை.

சீசனே பாக்காம வருஷம் பூரா அரிப்பு, காதும் திரும்பத் திரும்ப கெட்டுப்போகுதுன்னா சாப்பாட்டையும் யோசிக்கணும். இதுக்கு ரத்த டெஸ்ட்ட நம்பாதீங்க. டாக்டர் சொல்ற ஒரே உணவ குறைஞ்சது 8 வாரம் குடுக்கணும், நடுவுல பாவம்னு ஒரு பிஸ்கட் போட்டாலும் அத்தன நாள் பட்ட பாடும் வீண். அரிப்பு அடங்குனதும் பழைய சாப்பாட்ட திரும்ப குடுத்து, மறுபடி அரிச்சாதான் உறுதி.

காது ஓரம், முழங்கை, தாங்க முடியாத அரிப்பு, வீட்ல ஆளுங்களுக்கும் அரிக்குதுன்னா சொறிப்பூச்சியா இருக்கலாம். வட்டமா முடி கொட்டி செதில் செதிலா இருந்தா படர்தாமரையா இருக்கலாம், அதுவும் நமக்கு ஒட்டும். அரிப்பே பெருசா இல்லாம கண்ண சுத்தி முடி போகுதுன்னா அது டெமோடெக்ஸ்ங்கிற வேற ஒரு பூச்சியா இருக்கலாம், தோல சுரண்டி மைக்ராஸ்கோப்ல பாத்தாதான் தெரியும்.

பூனை பல நேரம் சொறியாது, நக்கியே வயித்து முடிய காலி பண்ணிடும், சுத்தமா இருக்குன்னு நினைச்சு ஏமாந்துடுவோம். நாய்க்கு வாங்குன பூச்சி மருந்த பூனைக்கு போடவே போடாதீங்க, அதுல பெர்மெத்ரின்ங்கிற பூச்சிக்கொல்லி இருந்தா உயிருக்கே ஆபத்து.

முகம் திடீர்னு வீங்குது, மூச்சு விட திணறுதுன்னா இதெல்லாம் பாத்துகிட்டு உக்காராதீங்க, உடனே தூக்கிட்டு ஓடுங்க. மத்தபடி எப்ப ஆரம்பிச்சது, எந்த இடம்னு தேதியோட போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, டாக்டர்கிட்ட போறதுக்கு முந்தின நாள் குளிப்பாட்டாதீங்க, காதையும் துடைக்காதீங்க, அவர் பாக்க வேண்டியதே அந்த அழுக்குலதான் இருக்கு.