உந்துவிசை, இழுவிசை: ஒரு கொடிக்கயிறும் ஒரு பலூனும் வைத்துப் புரிந்துகொள்வோம்

அக்கா மகள் பத்தாம் வகுப்பு. போன மாதம் இயற்பியல் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். "மாமா, உந்துவிசையையும் நியூட்டன்லதான் அளக்குறோம், இழுவிசையையும் நியூட்டன்லதான். ரெண்டும் விசைதான். அப்புறம் எதுக்கு ரெண்டு பேரு?"

நல்ல கேள்வி. "ஒன்று தள்ளும், ஒன்று இழுக்கும்" என்று சொல்லிவிட்டேன். அது பாதி பதில்தான். மீதியை அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் செய்து பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை: நைலான் கயிறு, ஒரு குச்சி, 2 லிட்டர் தண்ணீர் பாட்டில், பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு இரண்டு (பக்கத்து வீட்டில் ஒன்று இரவல் வாங்கலாம்), பலூன், தையல் நூல், ஸ்ட்ரா, செல்லோடேப், கத்தரிக்கோல்.

முதலில் வார்த்தைகள்

தமிழ்நாட்டுப் பாடநூலில் உந்துவிசை (ஆங்கிலத்தில் த்ரஸ்ட்), இழுவிசை (டென்ஷன்). இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இவை உதைப்பு, இழுவை. உதைப்பு என்ற சொல் எனக்குப் பிடிக்கும், கேட்டவுடனே காட்சி வந்துவிடுகிறது. உந்துவிசையை உந்தத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது, அது விசையே அல்ல. இன்னொன்று: பாய்மங்கள் (திரவம், வாயு) பாடத்தில், ஒரு பரப்புக்குச் செங்குத்தாகச் செயல்படும் விசைக்கும் உந்துவிசை என்றுதான் பெயர். அதைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம். இந்தப் பதிவில் நாம் பேசப்போவது ராக்கெட்டையும் படகையும் தள்ளுகிற உந்துவிசையை.

படி 1: கயிற்றைத் தள்ளிப் பாருங்கள்

குச்சியின் ஒரு முனையைப் பிடித்துத் தள்ளினால் மறுமுனையில் இருக்கும் டம்ளர் நகரும். கயிற்றை அப்படித் தள்ளுங்கள். சுருண்டு விழும். கயிறு, நூல், சங்கிலி, வளையும் மெல்லிய கம்பி எதுவானாலும் இழுக்க மட்டுமே தெரியும். அப்படி விறைத்து நிற்கும்போது அதற்குள்ளே இருக்கும் விசைதான் இழுவிசை.

படி 2: இரண்டு பேர் இழுத்தால் இரண்டு மடங்கா?

தராசின் ஒரு பக்கத்தை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுபக்கத்தை 5 கிலோ காட்டும்வரை இழுங்கள். இப்போது ஜன்னலுக்குப் பதிலாக ஒரு ஆள் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் 5 கிலோ, அவர் 5 கிலோ, ஆக 10 என்றாள் இவள். தராசு 5 தான் காட்டியது. இரண்டு தராசுகளை ஒன்றோடொன்று கோத்து இழுத்தாலும் இரண்டிலும் ஒரே எண்.

காரணம் எளிது. ஜன்னலும் இவ்வளவு நேரம் சும்மா இருக்கவில்லை, அதே 5 கிலோ அளவுக்கு எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டுதான் இருந்தது. ஒரு முனையில் மட்டும் பிடித்துக் கயிற்றை விறைக்க வைக்க முடியாது. இழுவிசைக்கு எப்போதும் இரண்டு முனை உண்டு, இரண்டு முனையிலும் அது உள்நோக்கி இழுக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பலூனில் வேலைக்கு வரும்.

படி 3: கொடிக்கயிறு

இதில்தான் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு கொக்கிகள், நடுவே கயிறு, ஒரு முனையில் கொக்கிக்கும் கயிற்றுக்கும் இடையே தராசு. கயிற்றின் நடுவில் 2 லிட்டர் பாட்டில், அதாவது 2 கிலோ.

கயிறு 50 செ.மீ. தொய்ந்து தொங்கும்படி விட்டால் தராசு 2¼ கிலோ அளவில் காட்டும். கயிற்றை இழுத்துக் கட்டி, தொய்வை 10 செ.மீ. ஆக்குங்கள். 10 கிலோ! பாட்டில் அதேதான். 5 செ.மீ. என்றால் 20 கிலோ. நைலான் கொஞ்சம் நீளும் என்பதால் உங்கள் எண் சற்று முன்பின் இருக்கும்.

ஏன் இப்படி? கயிறு தன் நீளத்தின் திசையில் மட்டும்தான் இழுக்கும். பாட்டிலோ கீழே இழுக்கிறது. கயிறு கிட்டத்தட்டப் படுக்கையாக இருக்கும்போது, அதன் இழுவிசையில் மிகச் சிறிய பங்குதான் மேல்நோக்கி வேலை செய்யும். அந்தச் சிறிய பங்கு 2 கிலோவைத் தாங்க வேண்டுமென்றால் மொத்தம் பெரிதாக இருந்தாக வேண்டும். தொய்வு குறைவாக இருக்கும்போது கணக்கு இது: இடைவெளியில் பாதியைத் தொய்வால் வகுத்து, எடையால் பெருக்கி, 2-ஆல் வகுக்க வேண்டும். 100 செ.மீ. ÷ 10 செ.மீ. × 2 ÷ 2 = 10.

இந்தக் கணக்கு எனக்குப் புத்தகத்தில் வந்து சேரவில்லை. துணி தரையைத் தொடுகிறது என்று அம்மா சொன்னதால் ஒருமுறை கொடியை விண்ணென்று இழுத்துக் கட்டினேன். ஈரப் போர்வையைப் போட்ட அன்றே சுவரிலிருந்து கொக்கி காரையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. கொக்கி வாங்கிய கடைக்காரரைத் திட்டினேன், பாவம்.

மின்கம்பிகளைத் தொய்வாக விட்டிருப்பதும் சோம்பலால் அல்ல. குளிரில் கம்பி சுருங்கும்போது இழுவிசை ஏறும், அதற்கு இடம் வேண்டும். ஆனால் "ஹை டென்ஷன் லைன்" என்கிறோமே, அந்த டென்ஷன் இது இல்லை. அது மின்னழுத்தம்.

படி 4: பலூன்

நூலை ஸ்ட்ராவுக்குள் விட்டு, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே 3 மீட்டர் நீளத்துக்கு இழுத்துக் கட்டுங்கள். ஊதிய பலூனின் வாயைப் பிடித்தபடி, செல்லோடேப்பால் ஸ்ட்ராவில் ஒட்டுங்கள். விடுங்கள். காற்று பின்னால், பலூன் முன்னால். இதுதான் உந்துவிசை. ஒரு நொடியில் எவ்வளவு நிறை வெளியேறுகிறது, என்ன வேகத்தில் வெளியேறுகிறது, இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ உந்துவிசையின் அளவு கிடைக்கும்.

வெளியேறும் காற்று பின்னால் இருக்கும் சுவரைத் தள்ளுவதால் பலூன் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். சுவர் தேவையே இல்லை. பலூன் காற்றைப் பின்னால் தள்ளுகிறது, காற்று பலூனை முன்னால் தள்ளுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ராக்கெட் வெற்றிடத்திலும் போகிறது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3-ஐ ஏற்றிச் சென்ற எல்.வி.எம்.3 ராக்கெட்டின் நிறை சுமார் 640 டன். அதன் எடை மட்டும் ஏறக்குறைய 6,300 கிலோநியூட்டன். உந்துவிசை அதைத் தாண்டினால்தான் தரையை விட்டே கிளம்பும். கிளம்பும் நேரத்தில் எரிவது பக்கத்தில் இருக்கும் இரண்டு எஸ்200 திட எரிபொருள் மோட்டார்கள் மட்டும். நடுவில் இருக்கும் விகாஸ் எஞ்சின்கள் ஏறத்தாழ இரண்டு நிமிடம் கழித்துத்தான் பற்றும்.

படி 5: பலூனைக் கட்டிப் போடுங்கள்

குழப்பம் தீர்வது இங்கேதான். பலூனின் பின்பக்கம் இன்னொரு நூலை ஒட்டி, அதன் மறுமுனையைப் பின்னால் இருக்கும் நாற்காலியில் கட்டுங்கள். இப்போது பலூனை விட்டால் நூல் விறைக்கும், பலூன் நின்ற இடத்திலேயே சீறும்.

பலூன் நகரவில்லை. ஆகவே பின்நூலின் இழுவிசையும் பலூனின் உந்துவிசையும் அளவில் சமம். (கொக்கித் தராசில் இது தெரியாது, அவ்வளவு சிறிய விசை.) "அப்ப ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள். கத்தரிக்கோலைக் கொடுத்தேன். காற்று போய்க்கொண்டிருக்கும்போதே நூலை வெட்டினாள். இழுவிசை அந்தக் கணமே செத்தது. பலூன் பாய்ந்தது, உந்துவிசை அப்படியேதான் இருந்தது. அடுத்த முறை நூலை வெட்டாமல் பலூனின் வாயை அடைக்கச் சொன்னேன். உந்துவிசை நின்றது, நூலும் தொய்ந்தது.

துறைமுகத்தில் இழுவைப் படகுகளின் வலுவை இப்படித்தான் அளக்கிறார்கள். கரையில் நாட்டிய இரும்புக் குற்றியில் படகைக் கட்டி, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டி, வடத்தில் எத்தனை டன் என்று பார்ப்பார்கள். தராசு இருப்பது வடத்தில், ஆகவே அது காட்டுவது இழுவிசை. தெரிந்துகொள்ள விரும்புவது தண்ணீருக்கு அடியில் சுழலும் விசிறியின் உந்துவிசையை.

பலூன் தீர்ந்ததும் அவள் கொடிக்கயிற்றை அவிழ்த்து, பழைய தொய்வுக்கே மாற்றிக் கட்டினாள்.